கம்பளி அண்ணன் பார்க்கச் சொன்ன கோயில்

பட்டப்பகலில் தனக்கென்று ஒரு ராத்திரியைக் கையோடு கொண்டுவந்து வேலை பார்த்த மெக்கானிக் இந்த மலேசியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஈப்போக்காரர். இதை யாராவது மறுத்தால் நான் நேரில் வந்து சண்டை போடத் தயார். பஸ் டிக்கெட்டை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு அவர் கம்பளி அண்ணன். பெட்ரோல் வண்டி ஓடாமல் நின்றால் முதலில் பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நெருப்பு ஒரு மிளகு அளவுகூட இருக்காது. ஈப்போ வெயிலில் அது கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். மற்ற மெக்கானிக்குகள் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். நம்மவருக்கு அதெல்லாம் பத்தாது. கறுப்பாக, கனமாக, பழைய ராணுவக் கம்பளி ஒன்று வைத்திருந்தார். போனட்டைத் திறந்து, தன் தலையையும் எஞ்சினையும் சேர்த்து அதைப் போட்டு மூடிக்கொள்வார். உள்ளேயிருந்து "ஸ்டார்ட் அடி" என்று ஒரு குரல் வரும். மணி பன்னிரண்டு, மேலே தகரக் கூரை. வெளியே சும்மா நிற்கிற நமக்கே வியர்த்து ஊற்றும். அவர் பாட்டுக்கு உள்ளே கால் மணி நேரம் இருப்பார்.

ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், ஒரு காரின் முன்னாலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். ஏதோ விபரீதம் என்று நினைத்து ஓடிவந்து கம்பளியைத் தூக்கினார். உள்ளேயிருந்து "துத்துப்! துத்துப்!" என்று ஓர் அதட்டல். மூடு, மூடு என்றுதான் அர்த்தம். சட்டத்தின் கை தானாகவே கம்பளியைக் கீழே இறக்கிவிட்டது. மனிதர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் பவ்யமாக வெளியே நின்றார். அடுத்த மாதம் தன் சொந்தக் காரையும் அவரிடமே கொண்டுவந்து விட்டார்.

கம்பளி அண்ணனின் வீடு தஞ்சோங் ரம்புத்தானில். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அங்கேயிருக்கிற பெரிய மனநல மருத்துவமனைதான் ஞாபகத்துக்கு வரும். புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள், கம்பளியையும் பார்த்துவிட்டு ஊரையும் கேட்டுவிட்டு, உள்ளேயா வெளியேயா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இன்னும் முடிவாகவில்லை என்று அவர் சிரிக்காமல் பதில் சொல்வார். கேட்டவர் அரை அடி பின்னால் நகர்ந்து நிற்பார்.

அவர் கேட்கிற அளவுக்கு டாக்டர்கூட நோயாளியிடம் கேள்வி கேட்கமாட்டார். வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால் போதாது. தானாக நின்றதா, நீ நிறுத்தினாயா? தும்மித் தும்மி நின்றதா, சொல்லாமல் கொள்ளாமல் நின்றதா? தும்மிவிட்டு நின்றால் எண்ணெய், அதாவது பெட்ரோல் கோளாறு, பேசாமல் நின்றால் நெருப்புக் கோளாறு என்பது அவர் கணக்கு. காரைக் கொண்டுவந்தவர் திருதிருவென்று விழித்தால், "ஒங்க வண்டிதானேலா, கடைசியா அது என்ன பேசுச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்று கடிந்துகொள்வார். வண்டிக்குச் சொந்தக்காரர் தலை குனிந்து நிற்பார். நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய பட்டறைக்குப் பக்கத்திலேயே, ராவுத்தருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், நான் எட்டு வருடம் கவுண்டரில் இருந்தேன். ராவுத்தர் என் முதலாளி. நல்ல மனிதர். மெக்கானிக் பட்டறைக்குப் பக்கத்தில் சாமான் கடை போட்டால் காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம்பிக் கடை போட்டவர். பாவம், வந்து வாய்த்தது கம்பளி அண்ணன். ஒரு சாமான் கெட்டுவிட்டது என்று நிரூபணம் ஆகாமல் அதை மாற்றுவது அவரைப் பொறுத்தவரை பாவம். மற்ற மெக்கானிக்குகள் எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சாமானை மாற்றிவிட்டு வண்டியை ஓட்டிக் காட்டுவார்கள். எதனால் நின்றது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. நம்மவர் எங்கள் கடையிலிருந்து சாமானை எடுத்துப் போவார், மாட்டிப் பார்ப்பார், பழசு நன்றாகத்தான் இருக்கிறது என்று புதுசைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். "பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறாம்மா" என்று ராவுத்தர் தினம் ஒரு தடவையாவது என்னிடம் புலம்புவார். புலம்பிவிட்டுத் தன் சொந்தக் காரைப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரிடம் மாட்டிக்கொண்டேன். கையெல்லாம் கிரீஸ். வந்து நின்றவர், தங்கச்சி, கோயில் இருக்கா என்று கேட்டார். நானும் பணிவாக, பின் ரோட்டில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆனால் இந்த நேரத்தில் நடை சாத்தியிருப்பார்கள் என்று சொன்னேன். ராவுத்தர் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பாட்டரியின் கரண்டை வாங்கிப் பல மடங்காக்கி பிளக்குக்கு அனுப்புகிற காயில்தான் அது. மலாயில் எழுதுகிற மாதிரியே உச்சரித்துப் பழகி, எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது கோயில். ஒரு வாரத்தில் நானும் பழகிவிட்டேன். மூணு கோயில் வந்திருக்கு முதலாளி, ஒரு கோயில் ஒடஞ்சிருக்கு முதலாளி என்று கூச்சமில்லாமல் சொல்ல ஆரம்பித்தேன். போனில் பேசும்போது எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று இரண்டு நாள் கவலைப்பட்டார்.

இந்த ஒரு வார்த்தைதான் கம்பளி அண்ணனைத் தலைகுனிய வைக்கப் பார்த்தது.

மணியம் அண்ணனைச் சொல்ல வேண்டும். ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை வீட்டுமனைக்காரர்கள் வாங்கிய பிறகு, ஓர் அரதப்பழசான பிக்கப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பழைய இரும்பு எடுக்கிறவர். அந்த பிக்கப்பின் நிறம் என்ன என்று கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். அவர் மகள் தர்ஷினிக்குக் காம்பார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படிவம் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். நானும் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவரின் மகள். அந்தச் செய்தி கேட்டபோது எனக்கே நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்? மகளை என் வண்டியில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று ஒரு மாதமாக ஜெலாப்பாங் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதிவு நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது. அன்று காலை விடிந்தும் விடியாமலும் பிக்கப் பேசாமல் நின்றுவிட்டது.

பட்டறை திறந்ததும் மணியம் அண்ணன் போன் செய்திருக்கிறார். கம்பளி அண்ணன் வழக்கம்போல் ஏதோ ஒரு காரின் உள்ளே போர்த்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து, கிரீஸ் கையால் எழுத முடியாமல், குரலைப் பதிவு செய்து அனுப்பினார். அதில் என்ன சொன்னார் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டு லோரி கயிறு கட்டி இழுத்துவர, பிக்கப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பின்னால் ஒரு பெரிய பெட்டி, தலையணை, வாளி, சோறாக்கும் குக்கர், ஒரு கட்டு சட்டை மாட்டிகள். அவற்றுக்கு நடுவில் தர்ஷினி, கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றும் கவலைப்படாதீர்கள், அரை மணி நேரம் என்றார் கம்பளி அண்ணன். ஒரு முனையில் ஊசியும் இன்னொரு முனையில் கவ்வியும் உள்ள சின்ன பல்பு ஒயரை எடுத்தார். கோயிலுக்குக் கரண்டு வந்து சேருகிற இடத்தில் ஊசியை வைத்தார். பல்பு எரியவில்லை. ஒயர் முனை பச்சையாகத் துரு பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கினார். பல்பு எரிந்தது. "ஆச்சு" என்று திரும்பி, வரிசையிலிருந்த எல்லாப் பட்டறைகளுக்கும் கேட்கும்படி அறிவித்தார். தர்ஷினி முன்னால் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

அவர் ஆச்சு என்று சொல்லி ஆகாமல் போனதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். கம்பளிக்குள்ளே போனார், வந்தார். நெருப்பு இல்லை. மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. மணியம் அண்ணன் பட்டறை வாசலில் நடந்துகொண்டே இருந்தார். சட்டையை மட்டும் கசங்காமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். புதுச் சட்டை அது.

ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை. புதுக் கோயில், புது ஒயர், புது பிளக், எல்லாம் மொத்தமாக மாட்டிப் பார், சும்மாவே தருகிறேன் என்றார். அவர் வாயில் சும்மா என்ற சொல் வந்ததைக் கேட்டு நான் பேனாவைக் கீழே போட்டேன். கம்பளி அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். என்ன காரணம் என்று தெரியாமல் மாட்டி, வண்டி ஓடி, காம்பார் போகிற வழியில் கோப்பெங் தாண்டி நடுரோட்டில் திரும்பவும் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை யாரைக் கூப்பிடும் என்று கேட்டார். அப்படியென்றால் என் காடியில் நானே கொண்டுபோய் விடுகிறேன், ஏறு பிள்ளை என்றார் ராவுத்தர்.

மணியம் அண்ணன் மகளைப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் பாப்போம், அங்கிள். எங்கப்பா இந்த வண்டியிலதான் என்னப் படிக்க வச்சாரு. இதுல போயி எறங்குனாத்தான் எனக்கு நல்லாருக்கும்" என்றாள் தர்ஷினி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாவியை மட்டும் விடவில்லை.

ராவுத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தூசி அதிகம் என்றார். எனக்கும் அதே தூசிதான்.

கம்பளி அண்ணன் திரும்பவும் உள்ளே போனார். இந்த முறை சத்தமே இல்லை. ஸ்டார்ட் அடி என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கம்பளியின் ஓரத்தைத் தூக்கி முகத்தை மட்டும் வெளியே நீட்டினார். மூக்கை இரண்டு மூன்று தடவை சுருக்கினார்.

"தங்கச்சி, உள்ளுக்குள்ள சந்தன வாசம் வருது."

முடிந்தது, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ராவுத்தர் ரகசியமாக ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. பல்பு ஊசியை இப்போது கோயிலின் மறுபக்கத்தில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் சுற்றும்போது பல்பு மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிய வேண்டும். அது நிதானமாக, இமைக்காமல் எரிந்தது. அவர் முகம் மாறியது. நாலு சிலிண்டருக்கும் நெருப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கிற கிண்ணத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயிண்ட் என்று இரண்டு சின்னத் துண்டுகள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலக வேண்டும். அவை தொடும்போது கரண்டு போனால்தான் நெருப்பு வரும்.

நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பாயிண்ட்டின் மேலே அழகாக விபூதி குழைத்துப் பூசி, சந்தனம் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தது. நன்றாகக் காய்ந்து ஓடாகியிருந்தது. எந்தக் கரண்டு அதைத் தாண்டிப் போகும்?

"இத யாருண்ணே செஞ்சா?" என்று கம்பளி அண்ணன் மெல்லக் கேட்டார்.

மணியம் அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ சொன்னதைத்தானே தம்பி செய்தேன் என்று போனை எடுத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். கம்பளி அண்ணனின் கம்பீரமான குரல் பட்டறை முழுக்கக் கேட்டது: "மணியம் அண்ணே, பயப்படாதீங்க. மொதல்ல கோயிலப் பாருங்க. கோயில்ல நெருப்பு நல்லா வந்துச்சுன்னா பாதிக் கவல விட்டுச்சு. அங்கேருந்து எடுத்துகிட்டு பாயிண்ட்டு வரைக்கும் வாங்க. பாயிண்ட்டத் தொடச்சு, நல்லா வச்சு விடுங்க."

மணியம் அண்ணனுக்கு இரும்பு தெரியும், பாயிண்ட் தெரியும். ஆனால் கோயில் என்று மற்றவர்கள் சொல்கிற அந்தச் சாமான், அவருக்கு ஆயுசு முழுக்கக் கரண்டு டப்பா. கோயிலைப் பார் என்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கோயிலுக்கே போயிருக்கிறார். பூசாரி மூன்று தடவை கற்பூரம் காட்டினாராம். நெருப்பு அருமையாக வந்ததாம். பாதிக் கவலை அங்கேயே விட்டுவிட்டதாம். அங்கிருந்து விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, பாயிண்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, இடைவெளியைச் சரியாக வைக்கச் சொன்ன இடத்தில் பொட்டை நல்லா வைத்துவிட்டார். "ஒண்ணு விடாம செஞ்சேன், தம்பி" என்றார், குழந்தை மாதிரி.

முதலில் சிரித்தது ராவுத்தர். பிறகு தர்ஷினி. பிறகு பக்கத்துப் பட்டறைச் சீனர், யாரோ மலாயில் விளக்கிச் சொன்னதும், தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கம்பளி அண்ணன் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மணியம் அண்ணன் முகம் சுருங்குவதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு ஒங்களுது இல்லண்ணே. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க. எம் பேச்சுதான் சரியில்ல" என்றார். அன்றோடு அவர் வாயிலிருந்து அந்தச் சாமானுக்குக் கோயில் என்ற சொல் வந்ததே கிடையாது. அவரும் கரண்டு டப்பா என்றே சொல்ல ஆரம்பித்தார்.

சாமி பிரசாதம் என்பதால் முதலில் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எட்டு வருடத்தில் அவர் உள்ளங்கையின் நிறத்தை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். விபூதியைக் கீழே சிந்தாமல் விரலால் வழித்தெடுத்து, தன் நெற்றியில் பூசிக்கொண்டார், மணியம் அண்ணனுக்கும் பூசினார். எஞ்சின் மசியும் கலந்திருந்ததால் இரண்டு பேர் நெற்றியிலும் கறுப்புப் பட்டைதான் விழுந்தது. விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேணாம்லா, வண்டி ஓடுனாப் போதும்" என்று ராவுத்தர் அவசரமாகச் சொன்னார். கடைசியில் அது என் நெற்றிக்கு வந்தது.

பிறகு ராவுத்தர் கடையின் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாயிண்ட் இரண்டுக்கும் நடுவில் விட்டு, முன்னும் பின்னுமாக இழுத்துத் துடைத்தார். அத்தனை நேரம் நடந்த வைத்தியத்துக்கு எங்கள் கடையிலிருந்து போன சாமான் அது ஒன்றுதான். மூடியை மாட்டினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டார்.

தர்ஷினி சாவியைத் திருப்பினாள்.

"வருது" என்றார் உள்ளேயிருந்து. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிளக்கை மாட்டி அடுத்த தடவை திருப்பியதும் பிக்கப் இருமிக்கொண்டு எழுந்தது. மணி மூன்றே கால். வரிசையிலிருந்த பட்டறைக்காரர்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். ஏதோ மந்திரி போகிற மாதிரி ராவுத்தர் நடுரோட்டில் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தினார். மணியம் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கறுப்புப் பட்டையோடு, நேராக முன்னால் பார்த்தபடி போனார். அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் கம்பளி அண்ணனைக் காணோம். பட்டறை திறந்து கிடக்கிறது, சாமான்கள் இறைந்து கிடக்கின்றன, அவருடைய மோட்டார் சைக்கிளையும் காணோம். எனக்கு வந்ததே கோபம். ஊரே அவரைப் பாராட்டத் தேடுகிறது, மனிதர் எங்கோ டீ குடிக்கப் போய்விட்டார். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஓட்டைக் கூரைக்குக் கீழே அவருடைய சாமான்களுக்குக் காவல் இருந்தேன். ஆறரை மணிக்குத் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். எங்கே போனீர்கள் என்றால், காற்று வாங்கப் போனேன் என்றார். மழையில் என்ன காற்று என்று திட்டித் தீர்த்துவிட்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

மூன்று வருடம் கழித்து, நான் அந்தக் கடையை விட்டுக் கோலாலம்பூருக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தர்ஷினி அதே பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வைப்பர் வாங்க வந்தாள். பட்டம் வாங்கிவிட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. பேச்சோடு பேச்சாக அன்றைய கதையைச் சொன்னாள். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தூரத்திலேயே வந்துகொண்டிருந்ததாம். கோப்பெங்கில் அப்பா தண்ணீர் வாங்க நிறுத்தியபோது அதுவும் நின்றதாம், அந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். காம்பாரில் மழையோடு மழையாகப் பல்கலைக்கழக வாசல்வரை வந்தாராம். இவள் கையை ஆட்டினால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாராம். வண்டி வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் அவர் திரும்பினாராம். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது என்றாள்.

நான் நேராகப் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். ஏன் அண்ணே அன்று என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவு திட்டினேனே என்று கேட்டேன். அவர் ஒரு பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி ஓடுனாப் போதுமா, தங்கச்சி? பிள்ள உள்ளுக்குப் போனாத்தானே வேல முடியும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நானும் எட்டு வருடத்தில் ஜெலாப்பாங்கில் ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருப்பேன். அர்த்தத்தோடு கூப்பிட்டது ஒருவரைத்தான்.